குழந்தைத் தராசில் பழைய எடை

அன்புள்ள அண்ணாவுக்கு,

தராசிலிருந்து மணல் பையை எடுத்துவிட்டு, அதைவிடச் சிறிய பையை வைத்தேன். திரையில் பழைய எடையே நின்றது. தட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

இங்கே எல்லோரும் நலம். புது ஆபீசில் நீ எடுத்த படத்தை அம்மா எதிர்வீடு வரை காட்டிவிட்டாள்.

அந்தத் தராசு ஆஸ்பத்திரியிலிருந்து நம் கம்பெனிக்கே திரும்பி வந்தது. அடுத்தடுத்து வைத்த இரண்டு குழந்தைகளுக்கும் ஒரே எடை காட்டியதாம். நல்லவேளை, எடைக்கேற்ற மருந்து கொடுக்கும் முன் நர்ஸ் கவனித்துவிட்டார்.

தராசுக்குள் ஓடும் நிரலில், நினைவகத்தில் இடம் பிடித்துத் தரும் ஃபங்ஷன் என்ற சிறு துண்டுகளின் தலையில் குறி போடுவதுதான் என் வேலை. 'இது தருவது புத்தம் புதிய இடம், வேறு யார் கையிலும் இல்லை' என்பது 'மால்லாக்' என்ற அந்தக் குறியின் பொருள். எதற்குப் போடலாம், எதற்குக் கூடாது என்பது உனக்கு அத்துப்படி. எடையை எழுத இடம் தரும் ஃபங்ஷன் புது இடம் தருவதில்லை. திரையில் எண்ணைக் காட்டும் பகுதி ஏற்கெனவே பிடித்திருக்கும் இடத்தையே மறுபடி நீட்டுகிறது. அதன் தலையிலும் அந்தக் குறி. நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் அதை அப்படியே நம்பி, திரையின் இடத்தைத் திரும்பப் பார்க்கும் வேலையை வேகத்துக்காக வெட்டிவிட்டது; தராசு பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது.

நீ இங்கே வேலையை விட்டுக் கிளம்பிய அன்று உன் லாகினை மூடிவிட்டார்கள். "தராசு மெதுவா ஓடுதுன்னு முதலாளி கத்துறாரு, ஒரு நிமிஷம் எந்திரி" என்றாய். எழுந்தேன். என் நாற்காலியில் உட்கார்ந்து, என் லாகினிலேயே அந்தக் குறியைப் போட்டாய். அதனால் பதிவில் இருப்பது என் பெயர்.

"ஸ்கூலையே முடிக்காத பொண்ண உக்கார வச்சா வேற என்ன நடக்கும்? காரணத்த எழுதிக் குடு, இல்லேன்னா நாளைலேருந்து வராத" என்றார் முதலாளி, எல்லோர் முன்னாலும். வீட்டில் ஒருவர்தான் படிக்கலாம் என்றபோதும் நான்தான் எழுந்தேன்.

போனில் நீ மறுக்கவில்லை. "தப்புன்னு தெரியும்டி. அன்னைக்கு அவசரம். இங்க என்னை இன்னும் பெர்மனன்ட் பண்ணல. நீ சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிட்டேன்னு சொல்லிடு" என்றாய். தெரிந்து செய்தது நீ, தெரியாமல் செய்தது நானா?

வேளைக்குச் சாப்பிடு. அம்மாவிடம் நான் சொல்ல மாட்டேன். நீயே சொல், அண்ணா.

நாலு பேர் முன்னால் எனக்கு வாய் திறக்க வராது. குறியை எடுத்தேன். கம்பைல் செய்து, மணல் பைகளை மாற்றி மாற்றி வைத்தேன். எடை மாறியது. திருத்தத்தின் கீழே நடந்ததை எழுதி, உன் பெயரைப் போட்டு, முதலாளிக்கு அனுப்பினேன்.

தங்கை