காளைகளின் பேச்சு

நிலத்துக்காக வாளெடுத்துப் போன என் வீட்டுக்காரருக்கு,

நான் சொல்லச் சொல்லப் பாதிரியார் எழுதுகிறார். நிலம் தப்பிவிட்டது. "மரக்கொக்கியால மண்ணைக் கீறுற ஸ்லாவ் இனத்தானுக்கு நிலம் எதுக்கு? ஜெர்மன்காரனுக்குக் குடுத்துருவேன்" என்று மிரட்டிய பிரபுவின் ஆள் இப்போது நம் களத்துக்கே வந்து தானியப் பங்கை அளந்து வாங்கிப் போகிறான். இங்கே குடியேறிய ஜெர்மன்காரர்களின் இரும்புக் கலப்பையையே வாங்கிக் களிமண்ணைப் புரட்டிப்போட்டோம். விளைச்சல் அவர்களைவிட நமக்குத்தான் அதிகம்.

காளைகளும் அவர்களிடம் வாங்கியவைதான். நம் ஸ்லாவ் பேச்சுக்கு நகராது. அதனால் ஏரோட்டும் நம் மகள் ஸ்லாவினா பகலெல்லாம் ஜெர்மன் மொழியிலேயே அதட்டுகிறாள்.

"வீட்லயாவது நம்ம பேச்சுல பேசுடி" என்றேன்.

"அதுக்கு மாடுகூட திரும்பாதும்மா" என்றாள், ஜெர்மனில்.

நீங்கள் வந்தால் வாசலில் நின்று நம் பேச்சில் கூப்பிடாதீர்கள், யாரோ அந்நியன் என்று பயந்து கதவைச் சாத்திவிடுவாள். காளையை நிறுத்தும் சொல்லை அடியில் எழுதச் சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்லுங்கள், திரும்பிப் பார்ப்பாள்.

இப்படிக்கு,
உங்கள் நிலத்தைக் காப்பாற்றியவள்