எங்கள் சந்து சமாளித்துக்கொள்ளும்

மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? அத்தானுக்கு இடது கை கொஞ்சமாவது அசைகிறதா? போனில் கேட்டால் "எல்லாம் நல்லா இருக்கு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறாய். கட்டில் கூடத்தில் கிடக்கிறது, நீ பேசுவதெல்லாம் அவர் காதில் விழும் என்பது புரிகிறது. அதனால்தான் கடிதம். இதிலாவது நாலு வரி மனசு விட்டு எழுது.

இத்துடன் எங்கள் அலுவலகம் அச்சடித்த சின்னப் புத்தகம் ஒன்றை அனுப்புகிறேன். வெள்ளம் வந்தால் எந்தத் தெரு முடங்கிப்போகும், எந்தத் தெரு தானாக எழுந்து நிற்கும் என்று வீடு வீடாகக் கேட்டுக் கணக்கெடுத்தோமே, அதன் முடிவு இது. ஏழாம் பக்கத்தைப் பிரித்துப் பார். வாசலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரிப்பது யாராம்? ஆற்றோரத் தெருக்களிலேயே உங்கள் சந்துக்குத்தான் அதிக மதிப்பெண். இயக்குநர் உன் படத்தைப் பெரிய திரையில் போட்டு, "இவங்களப் பாருங்க. யாரையும் எதிர்பார்க்கல" என்றார். அது என் அக்கா என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. வாயை மூடிக்கொண்டு பெருமைப்பட்டேன்.

எனக்கு இங்கே அலுத்துவிட்டது. வரைபடத்தைக் குனிந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. இந்த வேலை ஒரு வழியாக முடிந்ததும் வருகிறேன். போன வருடமும் இதையேதான் எழுதினேன், தெரியும். திட்டாதே.

உன் வாலு


மே 27

என் வாலுக்கு,

புத்தகம் வந்தது. சந்து முழுக்கக் கைமாறி, கடைசியில் எங்களிடம் திரும்பி வரும்போது ஏழாம் பக்கத்தில் டீக் கறை. உன் அத்தான் படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "தலையையாவது வாரிட்டு நின்னிருக்கலாம்" என்றார். பாராட்டு அவ்வளவுதான். கை அசையவில்லை. விரல் நுனியில் சூடு தெரிகிறது என்கிறார். என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாரோ என்னவோ.

நீ மனசு விட்டு எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். போன வாரம் பின் தெருவில் பள்ளம் தோண்டினார்கள். மழைத் தண்ணீரை இறைத்து ஆற்றில் தள்ளும் பம்பு அங்கே வருகிறதாம். எங்களுக்கு எப்போது என்று மேஸ்திரியிடம் கேட்டேன். "உங்க சந்துக்கு இல்லம்மா. நீங்கதான் நல்லா சமாளிக்கிறீங்களாமே" என்றார். அதற்கும் உன் மதிப்பெண்ணுக்கும் சம்பந்தம் உண்டா? உண்டு என்றால் நான் வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்டவள்தான்.

ஏனென்றால், உன் ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் நான்தான் ஒவ்வொரு வீடாகப் போனேன். "வர்றது என் தங்கச்சி ஆபீஸ் ஆளுங்க. அவங்க முன்னாடி மூக்கால அழுது அவ மானத்த வாங்காதீங்க" என்றேன். எல்லோரும் வாசலைக் கழுவி, நல்ல துணி உடுத்திக்கொண்டு நின்றார்கள். போன வெள்ளத்தில் யாருடைய உதவி தேவைப்பட்டது என்று கேட்டார்கள். யாருடையதும் இல்லை என்று கடைசி வீடு வரை சொன்னோம்.

நடந்தது உனக்கே தெரியாது. குளியலறைக் கதவைக் கழற்றி, அதில் உன் அத்தானைப் படுக்க வைத்து மாடிக்குத் தூக்கிப் போனோம். தையல்காரர், எலக்ட்ரீஷியன், மாடி வீட்டு டீச்சர், நான். அன்றிலிருந்து அந்தக் கதவை நிரந்தரமாக முடுக்கவில்லை. கீலில் இருக்கும் இரண்டு ஊசிகளை உருவினால் கையோடு வந்துவிடும். தாழ் சரியாக விழுவதில்லை, அதனால் குளிக்கப் போகிறவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். ஆனால் தையல்காரர் தன் மகள் வீட்டோடு போய்விட்டார். எலக்ட்ரீஷியன் வேறு நாட்டில். டீச்சரும் காலி செய்துவிட்டாள், மாடிச் சாவியை மட்டும் என்னிடம் கொடுத்துவிட்டு. கதவு இருக்கிறது, தூக்க ஆளில்லை.

அக்கா


ஜூன் 3

அக்கா,

படித்ததும் கோபம் தலைக்கேறியது. இரண்டு நாள் கழித்துத்தான் எழுதுகிறேன். கணக்கெடுக்க வந்தவர்களிடம், விருந்துக்கு வந்தவர்களிடம் சொல்வது போலவா பதில் சொல்வது? "ஒரு குறையுமில்ல, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டிருப்பாய், எனக்குத் தெரியாதா? மதிப்பெண் குறைந்த தெருவுக்குத்தான் முதலில் பம்பு. நீ எனக்கு மானத்தைக் கொடுத்துவிட்டு உன் வீட்டுக்குத் தண்ணீரை வாங்கிக்கொண்டாய்.

பட்டியல் முடிவாகிவிட்டது. நானாகப் போய்த் திருத்தினால், அக்கா வீட்டுக்குப் பம்பு வாங்கிக்கொண்டாள் என்பார்கள். ஒரு வழிதான் உண்டு. தாங்கள் சொன்ன பதில் தவறு என்று சந்துக்காரர்களே மனு எழுதிக் கொடுத்தால் மறுபடி கணக்கெடுப்போம். ஆனால் அப்படி ஒரு மனு வந்தால் ஏழாம் பக்கம் என் முகத்தில்தான் வந்து அடிக்கும். திட்ட அலுவலராக அந்தப் பக்கத்தை எழுதியது நான். மறைக்காமல் சொல்கிறேன், அதையும் யோசிக்கிறேன். அடுத்த வருடப் பட்டியல் வரை பொறுத்துக்கொள்ள முடியுமா?

தங்கை


ஜூன் 15

என் வாலுக்கு,

நீ "தங்கை" என்று கையெழுத்துப் போட்டதைப் பார்த்ததும் வேறு யாரோ எழுதியது மாதிரி இருந்தது.

மனு எழுத மாட்டேன். உனக்குச் சங்கடம் வேண்டாம். உன் அத்தானிடம் பேச்சோடு பேச்சாகச் சொல்லிப் பார்த்தேன். "இத்தனை வருஷம் பஸ் ஓட்டினேன். ஒருத்தர்கிட்டயும் கை நீட்டல. இப்ப ஆபீஸுக்கு எழுதி அழணுமா?" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவரால் திருப்ப முடிந்தது அதுதான். பொறுத்துக்கொள்கிறேன், எனக்கென்ன புதிதா?

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், வருத்தப்படாதே. சமாளிக்கிறவள் என்று ஒரு பேர் வந்துவிட்டால் போதும், அதற்கப்புறம் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. அம்மா படுத்தபோது அக்கா பார்த்துக்கொள்வாள் என்றாய். அத்தான் விழுந்தபோதும் அப்படித்தான். உன் ஆபீஸ் சந்துக்குச் செய்ததை நீ எனக்கு எப்போதோ செய்துவிட்டாய். கோபத்தில் எழுதவில்லை. கோபப்படவும் தெம்பில்லை, அலுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கழுத்துக்கு ஒத்தடம் கொடு. குனிந்தே கிடக்காதே.

அக்கா


ஜூலை 9

அக்கா,

பதில் எழுத உட்காருவேன், ஒரு வரி வராது. இத்தனை நாளும் அப்படித்தான் போனது. நீ எழுதியது ஒவ்வொன்றும் சரி. அதை நான் மறுக்கப் போவதில்லை.

இன்று இயக்குநர் அறைக்குப் போய், ஏழாம் பக்கத்தில் இருப்பது என் அக்கா, அந்தப் பக்கம் தப்பு என்று சொல்லிவிட்டேன். அவர், "நீங்க சொன்னா போதாது. அவங்க எழுதட்டும். வந்தா உங்க கையாலயே வாங்கிட்டு வந்து எங்கிட்ட குடுங்க" என்றார். கோபமா, இல்லையா என்று தெரியவில்லை. தெரிந்து என்ன ஆகப்போகிறது?

ஆற்றின் மேல்பக்கம் மழை என்கிறார்கள். போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, நீ எடுக்கவில்லை. சனிக்கிழமை புறப்படுகிறேன். இந்த முறை வேலை முடிந்ததும் அல்ல.

உன் வாலு


ஜூலை 10

அனுப்புநர்: ஆற்றோரச் சந்தின் கடைசி வீடு, கீழ்த்தளம்.
பெறுநர்: திட்ட அலுவலர் அவர்கள்.

மதிப்பிற்குரிய அம்மா,

பொருள்: கணக்கெடுப்பில் நாங்கள் சொன்ன பதிலைத் திருத்துவது குறித்து.

வெள்ளத்தில் யாருடைய உதவி தேவைப்பட்டது என்ற கேள்விக்கு, யாருடையதும் இல்லை என்று சொன்னேன். அது தவறு. படுத்த படுக்கையாக இருக்கும் என் கணவரை மாடிக்குத் தூக்க, என்னைத் தவிர மூன்று பேருடைய உதவி தேவைப்பட்டது. அந்த மூன்று பேரும் இப்போது இந்தச் சந்தில் இல்லை.

நேற்றுப் பகலில் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. குளியலறைக் கதவைக் கழற்றிக் கட்டிலோரம் சாய்த்து வைத்துவிட்டு, வாசலில் நின்று கூப்பிட்டேன். எதிர்வீட்டு அம்மா வந்தார். அவருக்கே முட்டி வலி. இரண்டு பேரும் சேர்ந்து கதவின் ஒரு முனையைத்தான் தூக்க முடிந்தது. பிறகு கட்டில் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்தோம். தண்ணீர் மெத்தையின் அடியைத் தொட்டது. அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீருக்குள் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. எடுக்கக் கை இல்லை. சாயங்காலம் தண்ணீர் தானாக வடிந்தது. அதை நாங்கள் சமாளித்ததாக யாரும் எழுத வேண்டாம்.

இந்தச் சந்தில் மற்ற வீட்டுக்காரர்கள் சொன்ன பதிலும் இப்படிப்பட்டதுதான். அவர்களை அப்படிச் சொல்லச் சொன்னது நான். அவர்களும் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

மறுபடி வெள்ளம் வந்தால் எங்களுக்குச் சிரமமாக இருக்கும் என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னார் என் கணவர். கேட்டுவிட்டு, "சிரமம்னு எழுதாத. முடியலன்னு எழுது" என்றார். அதை அடித்துவிட்டு, அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

எங்களால் முடியவில்லை.

இப்படிக்கு,
ஏழாம் பக்கத்தில் சிரிப்பவள்