திரையில் தப்பாகப் போட்ட இலை

படம் ஓடும்போது ஒருநாளும் வாயை மூடாத என் செல்ல நாத்தனார் அஞ்சலைக்கு,

நீ போன பிறகு வீட்டில் நிம்மதியாக டிவி பார்க்க முடிகிறது என்று உன் அண்ணன் சொல்கிறார். சொல்லிவிட்டு, விளம்பரம் வரும்போதெல்லாம் உன் நாற்காலிப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார். நேற்று ஒரு சமையல் எண்ணெய் விளம்பரம் வந்தது. அம்மா எண்ணெய் ஊற்றுகிறாள், உடனே ஒரு பிள்ளை சிரிக்கிறது. அது யார் வீட்டுப் பிள்ளை என்று நீ கேட்டிருப்பாய். கேட்க ஆளில்லாததால் நானே கேட்டேன். "நீயும் ஆரம்பிச்சிட்டியா லா" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

உனக்கு ஒரு செய்தி. உன் மகள் வயிற்றுப் பேத்தி ஜொகூர் பாருவில் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். என்ன படிக்கிறாள் தெரியுமா? சினிமாவும் தொலைக்காட்சியும். கேமராவை எங்கே வைத்தால் என்ன அர்த்தம், எதை எதோடு ஒட்டினால் என்ன அர்த்தம் என்று பாடம் நடத்துகிறார்களாம். அதற்குப் பரீட்சை வேறு. நம் காலத்தில் இருந்திருந்தால் நீ அந்த ஒரு பரீட்சையிலாவது தேறியிருப்பாய்.

வீட்டுப் பெரியவர்கள் பழைய காலத்தில் படம் பார்த்த கதையைக் கேட்டு எழுதி வரச் சொன்னார்களாம். வந்து என் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். நானும் சொன்னேன். சொன்னதை உனக்கும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், தப்பிருந்தால் கனவில் வந்து திட்டு.

ஜப்பான்காரன் காலம். குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பாதி மரம் சீவாமல் கிடந்தது, பால் வாங்க ஆளில்லை. வேளாவேளைக்கு மரவள்ளிக்கிழங்கு. ஆனால் டவுன் கொட்டகையில் படம் மட்டும் நிற்கவில்லை. கப்பலில் புதுப்படம் வராததால், கையிலிருந்த ஒரே தமிழ்ப் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். அதற்கு முன்னால் அவர்களுடைய செய்திப்படத்தைப் பார்த்தாக வேண்டும். நாமும் நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வருவோம். வேறு என்னதான் இருந்தது?

கதை மனப்பாடம் ஆனதும் மற்றவர்கள் தூங்கினார்கள், நீ விழித்துக்கொண்டாய். கதாநாயகி வாசலைப் பார்க்கிறாள், அடுத்து குதிரை வருகிறது. "அவ பாத்தது அந்தக் குதிரையத்தான்னு யாரு சொன்னா அண்ணி?" என்று என் காதைக் கடித்தாய். இரண்டையும் வேறு வேறு நாளில் பிடித்து ஒட்டியிருக்கலாம், ஒட்டியதை நாம்தான் சேர்த்துப் புரிந்துகொள்கிறோம் என்றாய். எனக்கு எரிச்சல்தான் வந்தது. நான் பாட்டுக்குக் குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அம்மா சாகும் காட்சியில் நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுகிறேன், நீ இரண்டு கையாலும் என் காதைப் பொத்திவிட்டாய். பிடில் சத்தம் நின்றது, என் அழுகையும் நின்றது. கட்டிலில் ஒரு அம்மாள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள், அவ்வளவுதான். ஆசையாக அழ வந்தவளை அழவிடாமல் செய்தாயே, அந்தக் கோபம் தீர எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

இதெல்லாம் விளையாட்டாக இருந்தது, உன் அண்ணன் சயாமுக்குப் போகிறேன் என்று சொல்லும்வரை. அங்கே ரயில் பாதை போட ஆள் சேர்த்தார்கள். நல்ல சம்பளம், வேண்டிய மட்டும் சோறு என்று செய்திப்படத்தில் காட்டினார்கள். ஒரு இலையில் வெள்ளைச் சோறு குவிந்திருக்கும், ஒரு கை அதைப் பிசையும். அடுத்து நம் ஆட்கள் வரிசையாக நின்று சிரிப்பார்கள். கொட்டகை முழுக்க எச்சில் விழுங்கும் சத்தம் கேட்கும். எனக்கும் அந்தச் சோற்றின் மீதுதான் கண், பொய் சொல்வானேன்? திங்கட்கிழமை ஆபீசில் பெயர் கொடுக்கப் போவதாக அவர் சொன்னபோது, முன்னால் போன ஒருவனும் திரும்பவில்லையே என்றேன். அழுது பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன். அவர் காதில் எதுவும் ஏறவில்லை.

நீ சண்டையே போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டத்துக்கு அவரை இழுத்துக்கொண்டு போனாய். ஆண்கள் பக்கத்தில் அவருக்கு அருகிலேயே போய் உட்கார்ந்தாய். பெண்கள் பக்கமிருந்து நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். கல்யாணமாகாத பெண், ஊரே பார்த்தது. வாசலில் ஜப்பான் சிப்பாய் நின்றிருந்ததால் நீ ஒரு வார்த்தையும் பேசவில்லை. படம் தொடங்கி முடியும்வரை நீ பேசாமல் இருந்தது அந்த ஒரு நாள்தான்.

டவுன் தாண்டி ரப்பர் மரங்கள் வந்ததும் ஆரம்பித்தாய். சோறு தனியாக வருகிறது, சிரிக்கிற ஆள் தனியாக வருகிறான், சோற்றோடு சேர்ந்து ஒரு முகமாவது வந்ததா என்று கேட்டாய். அவர் யோசித்தார். வரவில்லைதான், அதனால் என்ன என்றார்.

"இலைய எப்படிப் போட்டிருந்தாங்க, பாத்தியாண்ணே? நுனி இடக்கைப் பக்கம் இல்லாம சோத்துக் கைப் பக்கம் இருக்கு. நம்ம ஆளுங்க அப்படிப் போட்ட இலையில உக்காருவாங்களா?"

உன் அண்ணன் லேசுப்பட்டவரா? எதிரே நின்று படம் பிடித்திருந்தால் நுனி அப்படித்தான் மாறித் தெரியும் என்று மடக்கினார். எனக்குப் பக்கென்றது. நீ நடுவழியில் நின்றாய்.

"எதிர்ல நின்னு புடிச்சா கை அந்தப் பக்கத்துலேருந்துல்ல வரணும்? இது நம்ம பக்கத்துலேருந்து போகுது. சாப்பிடறவன் தோளுக்குப் பின்னால நின்னு புடிச்சிருக்கான். நம்ம ஆளுக்குப் போட்ட இலையே இல்ல அது. படத்துக்குப் போட்டது."

அவர் கையை முன்னால் நீட்டிப் பார்த்தார். காற்றிலேயே ஒரு இலையைப் போட்டு, சோற்றைப் பிசைந்து பார்த்தார். அந்தப் பக்கமாக சைக்கிளில் போன சீனன் ஒருவன் இவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பான். திங்கட்கிழமை காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிழங்கு நட ஆற்றோரம் போனார். நான் அடுப்படியில் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதேன். அன்றைக்கு நீ என் காதைப் பொத்தவில்லை.

பேத்தியிடம் இதுவரைதான் சொன்னேன். அவளும் கைதட்டிவிட்டு எழுதிக்கொண்டு போனாள். மிச்சத்தை நமக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காவின் புருஷன் முனியாண்டியிடமும் நீ போய்ச் சொன்னாய். அவன் சிரித்தான். "சோறு இருந்தாப் போதும் அஞ்சலை, இலைய நானே திருப்பிப் போட்டுக்கிறேன்" என்றான். பெயர் கொடுத்தான், போனான். அவனிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை.

அதன் பிறகும் கொட்டகையில் அதே செய்திப்படம்தான் ஓடியது. லெட்சுமி அக்கா ஒரு ஆட்டம் விடாமல் வந்தாள். சிரிக்கிற அந்த வரிசையில் கடைசியில் நிற்கிற ஒருவன் லேசாகத் திரும்பிப் பார்ப்பான், முகம் முழுதாகத் தெரியாது. ஒருநாள் அவள் உன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தா திரும்புறாரு பாரு. அவருதானே அது?"

அது எப்படி அவனாக இருக்க முடியும்? அந்தப் படத்தை நாம் முதல்முதலாகப் பார்த்தபோது முனியாண்டி அதே கொட்டகையில்தான் கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்தான். சோற்றைப் பார்த்து, "அலமாக்" என்று வியந்து எல்லோருக்கும் கேட்கச் சொன்னவனும் அவனே. நீ எதையும் மறக்கிறவள் இல்லை. குதிரையையும் இலையையும் விடாதவள், இதை விடுவாயா என்று பயந்தேன்.

"ஆமாக்கா, அவருதான்" என்றாய். கொஞ்சமும் தயங்கவில்லை.

ஒட்டியதை நாம்தான் சேர்த்துப் புரிந்துகொள்கிறோம் என்று சொன்னவள் நீ. அன்றைக்கு அவள் ஒட்டிக்கொண்டதைப் பிரிக்க உனக்கு மனம் வரவில்லை. முதல் நாள் அவன் கொட்டகையில் உட்கார்ந்திருந்தது அவளுக்கு மட்டும் நினைவில்லாமலா போயிருக்கும்? நான் உன்னிடம் கேட்டதில்லை, நீயும் சொன்னதில்லை. ஜப்பான் சண்டை முடிந்து இத்தனை வருஷமும் அவள் அவ்வப்போது வந்து கேட்பாள், நீ அதே பதிலைச் சொல்லி காப்பி போட்டுக் கொடுப்பாய்.

உன் கருமாதிக்கு வந்திருந்தாள். கண் மங்கிவிட்டது, தன் பேத்தி தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, "அஞ்சலையும் போயிருச்சு, இனிமே நான் யாருகிட்ட கேப்பேன்?" என்றாள். பந்திக்குக் கூப்பிட்டார்கள், தப்பித்தேன் என்று எழுந்து போய்விட்டேன்.

தீபாவளிக்கு அவளை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். முறுக்கு அவளுக்குக் கடிபடாது, மெத்தென்று அதிரசம் சுடுகிறேன். டிவியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்காருவேன். அவள் கேட்பாள். நீ கவலைப்படாமல் இரு அஞ்சலை. அந்தப் படத்தை உன்னோடு உட்கார்ந்து பார்த்தவள் நான். அவருதான் அக்கா என்று, உன்னைப் போலவே தயங்காமல் சொல்வேன்.

உன் புண்ணியத்தில் உன் அண்ணனை இன்றைக்கும் உட்காரவைத்துச் சோறு போட்டுத் திட்டிக்கொண்டிருக்கும்,
உன் அண்ணி.