சாரல் நாளில் காய்ந்த புத்தகங்கள்

குற்றாலம், 13 ஜூன் 1957, வியாழன் இரவு.

ஃப்ளூ காய்ச்சல் கல்லூரி விடுதிக்குள் வந்ததிலிருந்து, மாணவர்கள் திருப்பித் தரும் புத்தகங்களை நூலக மாடியில் ஒரு நாள் வெயிலில் போட்ட பிறகே அலமாரியில் அடுக்குகிறோம். இந்த வாரம் முழுக்கச் சாரல். வெயிலே இல்லை. ஆனால் இன்று மதியம் அட்டெண்டர் அந்தோணி, "எல்லாம் காஞ்சிட்டு சார்" என்றான். பொய் என்று நினைத்துத் தொட்டுப் பார்த்தேன். அட்டைகள் கதகதப்பாக இருந்தன. சந்தேகம் இன்னும் கூடியது.

"எங்கனலே காயப் போட்ட?"

"விடுதி அடுப்பங்கரைல சார். அடுப்புப் பக்கத்துல அடுக்கி வச்சேன்."

காய்ச்சல்காரப் பையன்களுக்குக் கஞ்சி காய்ச்சும் அடுப்பு அது. நோய் போகட்டும் என்று எடுத்து வைத்த புத்தகங்களை, நோய் இருக்கிற இடத்துக்கே கொண்டுபோயிருக்கிறான். வேண்டுமென்றே செய்தானோ என்றுகூடத் தோன்றியது. வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அவன் புத்தகங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "எனக்கும் காய்ச்சல்னு நெனைக்கிய. அதான் நாலஞ்சு நாளா எங்கிட்டேருந்து சாவிய துண்டால வாங்குதிய. நான் பாக்கலன்னு நெனச்சியளா சார்?"

இத்தனை வருடமும் என்னோடு ஒரே மேஜையில் சாப்பிட்டவன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி காப்பித் தம்ளரை முந்தானையால் பிடித்துக்கொண்டு வந்தாள். கையில் தராமல் வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சூடு தாங்காமல்தான் அப்படிப் பிடித்திருப்பாள் என்று நினைத்து உடனே எடுத்துக் குடித்தேன்.

காப்பி ஆறிப்போயிருந்தது.