மேடம் தூங்குறாங்க

மார்ச் 3, செவ்வாய்

வந்து சேர்ந்தாயிற்று. ரயிலேற்றிவிட வந்த மகள் இரண்டு பெட்டிகளையும் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அவள் அம்மாவின் பெட்டியையும் நான்தான் அடுக்கினேன். வீட்டில் நான் அவள் அம்மாவைப் பற்றி, கடைக்குப் போனவளைப் பற்றிப் பேசுவது போலப் பேசினால், மகளும் "ஆமாம்ப்பா" என்று ஒத்துப் பாடுகிறாள்.

இந்த மூலிகைச் சிகிச்சை விடுதிக்கு வரப் பதிவு செய்ததே என் மனைவிதான். இருவருக்கும் சேர்த்து, நான்கு நாள் மூலிகை மசாஜ். "ஊர்ல இருக்கிற உடம்பையெல்லாம் அளந்து தச்சீங்க, உங்க உடம்பை யாராவது கவனிக்கட்டும்" என்றாள். அடுத்த மாதமே போய்விட்டாள். போய்விட்டாள் என்றுதான் எழுத வருகிறது. அந்த மற்ற வார்த்தையை இதுவரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. எல்லாருக்கும் போன் செய்து சொன்னது மகள்தான்.

வரவேற்பில் இருந்த பெண், "மேடம் வரலையா சார்?" என்றாள்.

"பின்னாடி வர்றாங்க."

யார் சொன்னது இதை? என் வாய்தான்.

மார்ச் 4, புதன்

அறையில் இரண்டு மேசைகள், இரண்டிலும் வெள்ளை விரிப்பு. ஓரம் அடித்த தையல் சுமார்தான். மசாஜ் செய்கிற அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும், கறாரான ஆள். மூலிகையைத் துணியில் சின்ன மூட்டையாகக் கட்டி, ஆவியில் வைத்து, தன் மணிக்கட்டில் சூடு பார்த்துவிட்டு முதுகில் ஒற்றுகிறார். ஜோடியாக வருகிறவர்களுக்கு ஒரே கலவையிலிருந்துதான் கட்டுவார்களாம். இன்னொரு மூட்டை ஆவியிலேயே காத்திருந்தது.

"மேடம் வந்ததும் எடுக்கலாம். ஆறிடக் கூடாது."

"வந்துட்டா. தலைவலி, ரூம்ல படுத்திருக்கா" என்றேன். பொய்யில் வருகிறவளுக்கு ரயிலா வேண்டும்?

குப்புறப் படுத்தால் முகத்துக்கு ஒரு துளை. அதன் வழியே தரை மட்டும்தான் தெரிகிறது. திடீரென்று பக்கத்து மேசை கிரீச்சிட்டது, யாரோ ஏறிப் படுப்பது மாதிரி. பிறகு மூச்சு. தூங்கும்போது அவள் மூக்கு சன்னமாக விசில் அடிக்குமே, அதே மூச்சு. உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. பயந்தேனா? ஆமாம். தலையைத் தூக்கிப் பார்த்தால் போய்விடுவாளோ என்று பயந்தேன். தூக்கவில்லை.

மார்ச் 5, வியாழன்

இன்றும் போனேன். அவளும் வந்தாள்.

கிளம்பும்போது அந்த அம்மாள், "ரெண்டு நாளாவா தலைவலி? சாயங்காலம் நானே ரூமுக்கு வந்து ஒத்தடம் குடுக்கிறேன் சார்" என்றார். மறுக்கத் தெரியாமல் தலையாட்டித் தொலைத்தேன்.

அறைக்கு ஓடிவந்தேன். அவள் செருப்பை எடுத்துக் கட்டிலடியில் வைத்தேன். தலையணைகளை நீளவாக்கில் போட்டுப் போர்வையால் மூடினேன். தோள் வளைவு சரியாக வரவில்லை. தட்டித் தட்டிச் சரிசெய்தேன். அந்தத் தோளுக்கு அளவெடுக்காமலே துணி வெட்டுவேன் நான். சரியாக வந்ததும் கையை எடுக்க மனம் வரவில்லை.

கதவு தட்டும் சத்தம். பாதி திறந்து, "தூங்கறா" என்றேன். அந்த அம்மாள் என் தோளுக்கு மேலாக எட்டிக் கட்டிலைப் பார்த்தார்.

"பாவம், எழுப்பாதீங்க" என்று ரகசியமாகச் சொல்லி, மூட்டையை என் கையில் கொடுத்துவிட்டு, நுனிக்காலில் நடந்து போனார். என் பொய்க்காக ஒரு மனுஷி நுனிக்காலில் நடக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதுதான் கொடுமை.

மார்ச் 6, வெள்ளி

காலையிலிருந்து நடைவழியில் சத்தமே இல்லை. தரை துடைக்கிறவர் வாளியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வைக்கிறார். யாரோ சிரிக்க, யாரோ "ஷ்ஷ், மேடம் தூங்குறாங்க" என்கிறார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டிலும் இப்படித்தான் நடந்தார்கள். அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது இப்படித்தான் குசுகுசுவென்று பேசினார்கள். ஐயோ, போதும்பா - சத்தம் போடுங்களேன் யாராவது!

கதவைத் திறந்தேன். அந்த அம்மாள் இன்னொரு மூட்டையோடு வந்துகொண்டிருந்தார்.

"அவ செத்துட்டாம்மா."

"ஐயையோ! எப்ப சார்? இப்பவா?"

"நவம்பர்ல."

அவர் முகம் வெளிறிவிட்டது. எனக்குப் பின்னால் கட்டிலைப் பார்த்தார். "அப்போ… அங்க படுத்திருக்கிறது யாரு சார்?"

உள்ளே போய், போர்வையை நானே விலக்கினேன். விலக்குவதற்கு முன் ஒரு கணம் எனக்கே நிச்சயமில்லை.

மார்ச் 7, சனி

மசாஜுக்குப் போகவில்லை. மகளுக்குப் போன் செய்தேன். "அம்மா செத்துட்டா, கண்ணு" என்றேன், புதுச் செய்தி சொல்வது போல.

"தெரியும்ப்பா" என்றாள். பிறகு, "இனிமே உங்க முன்னாடி நான் அழலாமாப்பா?" என்றாள்.

அழச் சொன்னேன். அவள் அழுது முடிக்கும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.