சூடாக வந்த பிள்ளை

முள்ளியவளை,
தை மாதம், வெள்ளிக்கிழமை.

மதிப்புக்குரிய டொக்டர் தேனுகா அவர்களுக்கு,

நீங்களும் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும் என்று காட்டா விநாயகரை நினைத்துக்கொண்டு, வினோதன் எழுதுகிறேன். என்னை உங்களுக்கு நினைவிருக்குமோ தெரியாது. எங்கள் முதல் பிள்ளை பிறந்து ஒரு நாளும் இருக்காமல் போன பிறகு, மருத்துவமாது ஜெயரூபி அக்காவோடு எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். நல்ல வெயில் காலம்.

இப்போது எங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள். பெயர் அக்சயா. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் நான் நன்றி சொல்ல, நீங்கள் பரவாயில்லை என்று சொல்ல, அதோடு கதை முடிந்துவிடும். நடந்தது முழுவதும் டொக்டருக்குத் தெரிய வேண்டும், எழுதுங்கோ என்று என் மனைவி சிவரூபிதான் சொன்னா.

அன்று நீங்கள் வந்தபோது, நடந்தது நடந்துவிட்டது, ஒருவரையும் பிழை சொல்ல எங்களுக்கு விருப்பமில்லை என்றேன். "நான் பிழை பிடிக்க வரேல்லை தம்பி. பிள்ளை பிறந்ததிலயிருந்து என்ன நடந்தது எண்டு உங்கட வாயால கேட்க வந்தனான்" என்றீர்கள். பிள்ளையை எதில் சுற்றினார்கள், அம்புலன்ஸில் யார் வைத்திருந்தது, யன்னல் திறந்திருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். சுற்றின துவாய் ஈரமாக இருந்தது, புழுக்கத்துக்கு யன்னலைத் திறந்து வைத்திருந்தோம் என்று நான் சொன்ன பிறகு, நீங்கள் அதைக் கொப்பியில் குறித்துக்கொண்டீர்கள். சிவரூபி குசினியை விட்டு வெளியே வரவேயில்லை. அவவை வற்புறுத்தாமல் போனீர்கள். அதற்காகவும் நன்றி.

பிறகு, உங்கள் குழந்தை வைத்தியர் சங்கத்து டொக்டர்மார் எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்கு வந்து, பிறந்த பிள்ளைகளை எப்படிக் காப்பாற்றுவது என்று பொம்மையை வைத்துத் தாதிமாருக்குப் பழக்கியதாக ஜெயரூபி அக்கா சொன்னா. பெயர் ஊர் சொல்லாமல் எங்கள் பிள்ளையின் கதையையும் அங்கே சொன்னீர்களாம். அதைக் கேட்டபோது எனக்கு அதனால் என்ன பலன் என்றுதான் இருந்தது.

அக்சயாவும் நாள் முந்தித்தான் பிறந்தாள். நான் வயலில் களை பிடுங்கிக்கொண்டு நின்றேன். போன் வந்ததும் சேற்றுக் காலோடு மோட்டார் சைக்கிளில் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்துவிட்டாள், ஆனால் அழவில்லை. நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே ஒருவரும் கத்தவில்லை, ஓடவில்லை. ராஜினி என்ற தாதி பிள்ளையை நன்றாகத் துடைத்து, முகத்தில் சின்ன மூடியொன்றை வைத்து, அதோடு இருந்த பையை மெதுவாக அமத்தி மூச்சுக் கொடுத்திருக்கிறா. கொஞ்சத்தில் பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம் கேட்டது. "பொம்மையில பழகின கை அண்ணை. உங்கட பிள்ளையிலதான் முதல் தரம் செய்தனான்" என்று அவ பிறகு சொன்னா.

ஆனால் பிள்ளையைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். சிவரூபிக்கு இரத்தப்போக்கு, அவவை அசைக்க முடியாது. முதல் பிள்ளைக்கும் இப்படியேதான் நடந்தது, டொக்டர். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போது ராஜினி, நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து போட்டிருக்கிற சேட்டைக் கழற்றுங்கோ என்றா. என்னில் வயல் மணக்கிறது என்று பின்வாங்கினேன். "மணந்தால் மணக்கட்டும். பிள்ளைக்கு உங்கட சூடுதான் வேணும்" என்று சொல்லி, தொப்பி போட்ட பிள்ளையை என் நெஞ்சில் வைத்துத் துணியால் கட்டிவிட்டா. அம்புலன்ஸின் யன்னல்களை எல்லாம் சாத்தினா. வழி முழுவதும் பிள்ளையின் உதட்டு நிறத்தைப் பார்த்தபடியே வந்தா.

ஒட்டுசுட்டான் தாண்டும்வரை நான் மூச்சை இழுத்து விடவும் பயந்தேன். என் நெஞ்சு ஏறி இறங்கினால் பிள்ளைக்கு நோகுமோ என்று நினைத்தேன். மாங்குளம் சந்தியில் வண்டி திரும்பியபோது அவள் காலால் என் வயிற்றில் ஒரு உதை விட்டாள். தவளைக்குஞ்சு துள்ளியது போல இருந்தது. நான் ராஜினியைப் பார்த்தேன். அவ சிரித்தா.

பெரியாஸ்பத்திரியில் பிள்ளையின் கக்கத்தில் காய்ச்சல் பார்க்கும் கருவியை வைத்துப் பார்த்த டொக்டர், "பிள்ளை நல்ல சூடாத்தான் வந்திருக்கிறா" என்றார். முதல் பிள்ளையைக் கையில் வாங்கியவர்கள், உடம்பு சில்லிட்டுப் போயிருக்கு என்றுதான் சொன்னார்கள்.

சிவரூபி தேறி வந்ததும் பிள்ளையை நெஞ்சில் வைத்திருக்கும் என் வேலையை அவ எடுத்துக்கொண்டா. குழாயில் பால், பிறகு சின்னக் கோப்பையில் பால், கடைசியில் தாயிடமே. இப்போதும் நிறை ஏறுவது மெதுவாகத்தான். நாள் முந்தின பிள்ளைகளுக்குப் பார்வை பழுதாகலாமாம், அடுத்த மாதம் கண் கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தப் பயம் இருக்கிறது. மற்றப்படி அவளுடைய சத்தம் அடுத்த வளவுக்கும் கேட்கிறது.

உங்கள் சங்கத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. எல்லோருக்கும் எங்கள் கும்பிடைச் சொல்லுங்கோ. பெற்றவர்களின் கவலையை வந்து கேட்டு, அதை வைத்து ஒருவரையும் தண்டிக்காமல், பின்னால் வரும் பிள்ளைக்கு வழி செய்தீர்கள். இந்தப் போகம் யானையும் விட்டுவைத்தது, மழையும் விட்டுவைத்தது. புது அரிசி கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறோம். வேண்டாம் என்று சொல்லக் கூடாது.

இன்னொரு விசயம். நாயாற்றில் பிரேமிளா என்று ஒரு பிள்ளை, புருசன் கடற்றொழில். போன மாதம் அவவின் கைக்குழந்தை தவறிவிட்டது. ஒருவரோடும் கதைக்கிறாவில்லை. சிவரூபி பஸ் ஏறிப்போய் அவவுக்குப் பக்கத்தில் சும்மா இருந்துவிட்டு வருகிறா. நேற்று சிவரூபி உங்களைப் பற்றிச் சொல்ல, அந்த டொக்டர் வந்தால் கதைப்பன் என்று பிரேமிளா சொன்னாவாம். நீங்கள் வரவேண்டும். சிவரூபியும் உங்களோடு வருவா.

வந்தால், துவாயையும் யன்னலையும் பற்றிக் கேட்பதற்கு முன்னால், பிள்ளை ஆரைப் போல இருந்தது என்று அவவிடம் கேளுங்கோ. எங்களிடம் அதை இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் மூத்தவள் சிவரூபியைப் போல இருந்தாள், டொக்டர். அதே நெற்றி.

உங்கள் கைக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

என்றும் நன்றியுள்ள,
வினோதன், சிவரூபி, அக்சயா