துளசிக்குப் பதில் நான் ஊதிய மூன்று நாட்கள்

புந்தோங், ஈப்போ.

அன்பு மகள் புனிதாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் தங்கை துளசியும் சுகம்தான், ஆக்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க முனீஸ்வரர் துணையிருக்கட்டும். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் இந்தக் காகிதம்.

போன மாதம் துளசி வார்டில் கிடந்தது காய்ச்சலால் என்று சொன்னேனே, அது பொய். சித்தியவான் பக்கம் நம் பழைய தோட்டத்தில் முனீஸ்வரர் பூசைக்குப் போயிருந்தோம். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, நாம் குடியிருந்த லய வீடுகளும் இல்லை, ஆனால் கிடா வெட்டு மட்டும் தவறுவதில்லை. முதல் பங்கு நம் குடும்பத்துக்கு, வேண்டாம் என்றால் சாமி குத்தம். துளசிக்குக் கறியும் பருப்பும் ஆகாது, அம்மோனியாவாக ரத்தத்தில் ஏறி மூளையைத் தாக்கும் என்று டாக்டர் சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். அப்படியிருந்தும் பூசாரி கார்த்திகேசு அண்ணன், "சாமி சோறுலா அர்ச்சுனா, புள்ளைய ஒண்ணும் செய்யாது" என்றதும், அம்மா அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து நானே அவள் இலையில் நாலு துண்டு வைத்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். சாப்பிடுமா என்றேன்.

மறுநாள் காலை, அம்மோனியா அளவைப் பார்க்க அவள் தினமும் ஊத வேண்டிய மூச்சுக் கருவியை எடுத்தபோதே, அளவு மீறிச் சிவப்புதான் எரியும் என்று தெரியும். அதில் வரும் எண் ஆஸ்பத்திரிக்கும் உன் போனுக்கும் தானாகப் போய்விடுமே, உன் அம்மாவும் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாளே என்று நானே ஊதினேன். பச்சை எரிந்தது. துளசி படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். நீயும் உடனே அவளைப் பாராட்டிச் செய்தி அனுப்பினாய், அதைப் படித்தபோதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். அடுத்த இரண்டு நாளும் நான்தான் ஊதினேன். இரண்டாம் நாள் அவளுக்குத் தலைவலி, வாந்தி. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ண, அங்கே எண்ணைப் பார்த்துவிட்டு நல்லாத்தான் இருக்கு, கஞ்சி கொடுத்துப் பாருங்க என்றார்கள். நான் பக்கத்திலேயே பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி நின்றேன். மூன்றாம் நாள் மாலை, நீங்க யாரு என்று துளசி என்னைக் கேட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் காரில்தான் உண்மையைக் கக்கினேன். டாக்டர் திட்டவில்லை, ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு நாளைத் தொலைத்தவன் நான்.

இப்போது தேறிவிட்டாள், பள்ளிக்கும் போகிறாள். உன் அம்மா எனக்குச் சோறு போடுகிறாள், பேச்சு மட்டும் இல்லை. சொந்தத்தில் கட்டிக்கொண்டு இந்த நோயைக் கொடுத்தது தெரியாமல் செய்தது. இது தெரிந்தே செய்தது. போன செவ்வாய் அவளுக்குச் சளி, அதிலும் அம்மோனியா ஏறுமாம், காலையில் தானே ஊதிப் பார்த்துவிட்டுக் கருவியோடு என்னிடம் வந்தாள். "செவப்புப்பா. பயப்படாதீங்க, நானே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிட்டேன்" என்றாள். பதினாறு வயதுப் பிள்ளை எனக்குத் தைரியம் சொல்கிறாள், புனிதா. குளியலறைக்குப் போய் அழுதேன்.

நீயும் மாப்பிள்ளையும் குறைவில்லாமல் வாழ வேண்டும். பிள்ளை பெறும் எண்ணம் வந்தால் முதலில் இருவரும் ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள், மறக்காதே. திட்ட வேண்டியதையெல்லாம் திட்டிவிடு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவைப் போலப் பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
அர்ச்சுனன்